துஆவும் மருந்தும்
மனச்சோர்வில் துவண்டவரிடம் "கோயிலுக்குப் போய் வா, எல்லாம் சரியாயிடும்" என்கிறோம். போகிறார். கற்பூரத் தட்டு வருகிறது; கை பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது, உள்ளே எதுவும் அசைவதில்லை. சாமியும் கைவிட்டதாக நினைத்து இன்னும் ஒடுங்கிப்போகிறார். அது பக்திக் குறைவல்ல, நோயின் குணம். வழிபாட்டை மட்டுமே நம்பினால் போதாது. தர்காவில் குணம் தேடி மனநோயாளிகள் வரும் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டில் தனியார் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பற்றி, சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்டார்கள். அத்தனை உயிர் போன பிறகே அந்தத் தர்காவில் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் சேர்ந்தது. மாத்திரை பலன்தரச் சில வாரங்களாகும்; அதுவரை தாக்குப்பிடிக்க இறைநம்பிக்கை பெருந்துணை. பிரார்த்தனையை விட வேண்டாம், மருத்துவரையும் பாருங்கள். மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.