மழை சென்டிமீட்டரில், அணை கன அடியில்

மழைக்காலத்தில் நாளிதழின் ஒரே பக்கத்தில் மூன்று செய்திகள் வரும். நேற்றைய மழை 8 சென்டிமீட்டர். மேட்டூருக்கு நீர்வரத்து 10,000 கன அடி. நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி). மூன்றும் தண்ணீர்தான், ஆனால் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க வாசகருக்கு வழியில்லை. சேலம் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் பிள்ளைகளும் இங்கேதான் திணறுகிறார்கள்.

ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர் என்று கேட்டவுடன் சொல்வார்கள். ஒரு மீட்டர் 3.28 அடி என்பதும் தெரியும். சரி, ஒரு கன மீட்டரில் எத்தனை கன அடி என்றால், பாதி வகுப்பு 3.28 என்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 3.28 மடங்கு, ஆகவே அந்த எண்ணை மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 35.3. இதைக் கரும்பலகையில் எழுதிப் பயனில்லை. வகுப்பு மூலையில் இரண்டு சுவரிலும் தரையிலும் மீட்டர் கோலால் அளந்து, சாக்பீஸால் கோடு இழுத்து ஒரு கன மீட்டரைக் காட்டுவேன். அதற்குள் ஓர் அடி அட்டைப்பெட்டியை வைப்பேன். அப்புறம் யாரும் மூன்றேகால் என்பதில்லை.

மழைக்கணக்கு இதைவிட எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். அந்த 8 சென்டிமீட்டர் மழை 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழுந்தால் 8,000 லிட்டர். பேனாவே வேண்டாம். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நாம். மாடியில் விழுந்தது எவ்வளவு, தொட்டிக்கு வந்தது எவ்வளவு என்று வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ள இந்த ஒரு வரி போதும்.

கன அடி என்றதும் அந்த எளிமை போய்விடுகிறது. போதாததற்குத் தலைப்புகளில் ‘வினாடிக்கு’ என்ற சொல் பல நேரம் விழுந்துவிடுகிறது. 10,000 கன அடி என்பது மொத்தமாக வந்த தண்ணீரா, வந்துகொண்டிருக்கும் வேகமா? வேகம்தான். அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்க வந்தாலும் 0.86 டி.எம்.சி.தான் சேரும். மேட்டூரின் கொள்ளளவோ 93.47 டி.எம்.சி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதாக அரசுக் கணக்கு. ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்படியென்றால் வினாடிக்கு 8.2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 68, ஒவ்வொரு வினாடியும். அந்தத் தண்ணீர் பாயும் அடையாற்றங்கரையில் குடியிருப்பவருக்கு, 29,000 கன அடியா, 68 லாரியா, எது உறைக்கும்?

மத்திய நீர்வள ஆணையம் அணைகளின் இருப்பைப் பில்லியன் கன மீட்டரில்தான் வெளியிடுகிறது. மாநிலத்தில் மட்டும் டி.எம்.சி.யை விட மனமில்லை. காரணம் புரிகிறது. காவிரி வழக்கே அந்த அலகில்தான் நடந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் நமக்கென்று சொன்னதும் 177.25 டி.எம்.சி. டெல்டா விவசாயியின் நாக்கில் அது ஊறிப்போயிருக்கிறது. அதை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே ‘ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,832 கோடி லிட்டர்’ என்று ஒரு வரி போடலாம். நீர்வரத்தை வினாடிக்கு இத்தனை லட்சம் லிட்டர் என்று அடைப்புக்குறிக்குள் தரலாம். நீர்வளத் துறையின் அன்றாட அறிக்கையிலேயே இது வந்துவிட்டால் செய்தியாளருக்கும் கூடுதல் வேலையில்லை.

அணையின் நீர்மட்டத்தை மட்டும் அடியிலேயே விட்டுவிடுங்கள். மேட்டூர் 36.58 மீட்டரை எட்டியது என்று எழுதினால், எங்கள் பக்கத்தில் ஒருவரும் பூத்தூவப் போகமாட்டார்கள்.