உலை அணையலாமா?

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஸ்டிக்கிள்பாத் என்றொரு சிற்றூர். அங்கே 1814இல் ஃபிஞ்ச் குடும்பத்தார் தொடங்கிய கொல்லுப்பட்டறைக்கு மூன்று நீர்ச்சக்கரங்கள். ஒன்று சம்மட்டியை இயக்கியது. ஒன்று உலைக்குக் காற்று ஊதியது. மற்றொன்று சாணைக்கல்லைச் சுழற்றியது. அரிவாளும் மண்வெட்டியும் அடித்த அந்தப் பட்டறை 1960இல் சுவர் இடிந்து நின்றுபோனது. ஆனால் ஊரார் கைவிடவில்லை. பின்னர் பொறுப்பேற்ற தேசிய அறக்கட்டளை, பூட்டி வைக்காமல் சக்கரத்தை ஓட்டியே மக்களுக்குக் காட்டி வந்திருக்கிறது.

கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியவர்களின் வழிவந்த நாம் என்ன செய்கிறோம்? ஒற்றசேகரமங்கலம், பாறசாலைப் பக்கம் உலை மூட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தாலும் போதும். அடுத்த ஆண்டுவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்தாமல், பிள்ளைகள் கண்முன் ஓர் அரிவாள் அடித்துக் காட்டச் சொல்வோம். செயற்குழு அன்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.