பூட்டு பையிலே, சாவி கடைவீதியிலே!



திருப்பூரில் ஏற்றுமதிக்கென அடுக்கப்படும் ஆடைகள் சிலவற்றில், கடுகளவு சில்லும் மெல்லிய கம்பிச் சுருளும் பதிந்த அட்டையைக் கோத்தனுப்புகிறார்களே, பேக்கிங் பிரிவிலே பணிபுரியும் நம் சகோதரிகளைக் கேளுங்கள், சொல்லுவார்கள். மேனாட்டுப் பெருங்கடைக்காரன் பெட்டியைப் பிரிப்பதில்லை. கருவியை நீட்டுகிறான், உள்ளேயிருக்கும் உருப்படி அத்தனையும் கணக்குக்கு வந்துவிடுகிறது!

அந்த அட்டையின் உறவினன் இன்று மனிதனின் பைக்கே வந்துவிட்டான். 2024 ஏப்ரலில் நாகபுரியிலும் புவனேசுவரத்திலும் வெள்ளோட்டம் விடப்பட்ட மின்னணுக் கடவுச்சீட்டு, 2025 மார்ச் 3 முதல் சென்னை மண்டல அலுவலகத்தாலும் வழங்கப்படுகிறது. அட்டைக்குள்ளே சில்லு, சில்லுக்குள்ளே பெயர், பிறந்த நாள், முகம்!

புதுமை என்றதும் முகஞ்சுளிப்பவர்களல்லர் நாம். படத்தைக் கிழித்தொட்டிப் பிழைத்த போலிக் கூட்டத்துக்கு இது பேரிடி. அரசின் மின்கையொப்பத்தை அத்தனை எளிதில் அழித்தெழுத முடியாது. ஆடை அட்டையைப்போல் பல அடி தூரத்திலிருந்து படிக்கக்கூடியதுமன்று இது. சில அங்குல நெருக்கம் வேண்டும்.

ஆயின், பூட்டைப் பாருங்கள்! உலக விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அடிப்படைப் பூட்டுக்குச் சாவி எது தெரியுமா? கடவுச்சீட்டின் எண், பிறந்த நாள், காலாவதி நாள். மூன்றும் படப் பக்கத்தின் அடியிலுள்ள இரண்டு வரிகளிலேயே அச்சாகியிருக்கின்றன. அந்தப் பக்கத்தையன்றோ நாம் ஜெராக்ஸ் கடையிலே கொடுக்கிறோம், ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், அயல்நாட்டு விடுதியிலே நகலெடுக்க நீட்டுகிறோம்!

'நகலே கையிலிருப்பவனுக்குச் சில்லு எதற்கு?' என்பீர். நல்ல கேள்வி. மங்கிய நகல் தராததைச் சில்லு தருகிறது: அரசே கையொப்பமிட்ட தெளிவான முகப்படம்! முகமே அடையாளச் சான்றாகிவிட்ட காலமல்லவா இது? அதுமட்டுமோ, இன்னார் இவ்வழியே வந்தார் என்று, நெருங்கி நிற்கும் கருவிக்குக் காட்டிக்கொடுக்கவும் கூடும்.

கற்பனையன்று இது. நெதர்லாந்துக் கடவுச்சீட்டின் எண் வரிசை எளிதில் ஊகிக்கத்தக்கதாக இருந்ததால், அதன் பூட்டுச் சில மணி நேரத்தில் உடைபடும் என்று 2006-இல் அந்நாட்டு வல்லுநர்களே மெய்ப்பித்தனர். அமெரிக்காவிலோ 2005-இல் பூட்டே இல்லாத சில்லைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். மக்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்பெழுதினர். பூட்டும் வந்தது, அட்டையிலே உலோகத் தடுப்பும் வந்தது!

இங்கே? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தனர். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் 17-ஆம் பிரிவிலே, அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்களித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. வேலி பிறருக்கு, வாயில் தனக்கு!

உலோகத் தடுப்பு நம் அட்டையில் உண்டா? சில்லில் எழுதியிருப்பதை உரியவரே படித்துப் பார்க்க ஒவ்வொரு அலுவலகத்திலும் கருவி உண்டா? ஏஜென்டு அலுவலகத்தில் குவியும் நகல்களுக்குக் கணக்கு உண்டா? நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் கேட்கட்டும். அதுவரை, முழு நகல் தேவையில்லாத இடத்திலே அந்த அடி வரிகள் இரண்டையும் தாளால் மறைத்து நகலெடுங்கள், தோழர்களே. எந்தக் காரியத்துக்கு, எந்த நாளில் கொடுத்தது என்பதை நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.