ஒன்றும் பழுதாகவில்லையே, இவர் எதற்கு?

சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பழைய சோனகத் தெரு நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். அவரும் என்னைப் போல ஹாட்வெயார் வியாபாரிதான். (ஆணி, பிணைச்சல், பெயின்ட் விற்கும் ஹாட்வெயார். கணனிக்காரர்கள் சொல்லும் ஹாட்வெயார் வேறு.) கடையில் பில் போடும் கணனிகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு முன் ஒரு பொடியனை வேலைக்கு எடுத்திருந்தார். அவர் கேட்டது இதுதான்:

"மூணு மாசமா ஒண்டும் பழுதாகல்ல. பொடியன் மெஷினப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கான். மாசா மாசம் சல்லி போகுது. நிப்பாட்டிடவா?"

செலவை எண்ணிப் பார்ப்பது வியாபாரியின் குணம். அதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். நானும் இதே கேள்வியைப் பல வருடங்கள் மனதில் வைத்திருந்தவன்தான். வாயால் கேட்காமல் நடத்தையால் கேட்டேன். அதனால் எனக்கு நேர்ந்ததைத்தான் அவருக்குச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

எங்கள் வாப்பாவின் கடையில் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். முதலாளிக்கு அடுத்த மேசை அவருடையது. இரும்புப் பெட்டியின் இரண்டாவது சாவி அவரிடம் இருக்கும். பகல் சாப்பாடு வாப்பாவோடு ஒன்றாகத்தான். யார் எவ்வளவு கடன், யாருடைய செக் எந்தத் திகதிக்கு, இனிமேல் யாருக்குக் கடன் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அவருடைய சிவப்பு மட்டைப் பேரேட்டில் இருந்தது. மூன்று மாதமாகக் கணக்கில் ஒரு பிழையும் வரவில்லை, ஆகவே கணக்கப்பிள்ளையை நிறுத்திவிடுவோம் என்று வாப்பா ஒருநாளும் யோசித்ததில்லை. பிழை வராமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அந்தப் பேரேடு இன்று கணனிக்குள் போய்விட்டது. எமது தொழில் முழுக்கக் கடனில் ஓடுவது. குருநாகலையிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வரும் கடைக்காரர் லொறி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு, இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்ட செக்கைத் தந்துவிட்டுப் போகிறார். அந்தக் கணக்கு அழிந்தால் எமக்கு யார் கடன்காரர் என்பதே தெரியாது. நாம் கொடுக்க வேண்டியவர்களுக்கு மட்டும் அது நன்றாக நினைவிருக்கும்! இப்படிப்பட்ட ஒன்றைக் காத்து வைத்திருப்பவரை நாம் என்னவென்று அழைக்கிறோம்? கொம்பியூட்டர் பொடியன். அவருக்குக் கதிரையும் மேசையும் களஞ்சியத்துக்குப் போகும் வழியில், பெயின்ட் வாளிகளுக்குப் பக்கத்தில். பிரின்டரில் கடதாசி சிக்கினாலும் அவர்தான், முதலாளியின் மகளுடைய போன் வேலை செய்யாவிட்டாலும் அவர்தான், சிசிடிவி கமரா மங்கினாலும் அவர்தான். நானும் பொடியன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். இனித் தம்பி என்கிறேன்.

என்னிடம் எட்டு வருடம் வேலை செய்த தம்பி, 2019ல் ஒருநாள் என் மேசைக்கு வந்து, "ஹாஜியார், பெக்கப் எடுக்க வெளி டிஸ்க் ஒண்டு வேணும். பன்னெண்டாயிரம் வரும்" என்றார்.

"இப்ப எல்லாம் ஓடுதுதானே? ஓடுற சாமானுக்கு ஏன் சல்லி செலவழிக்கோணும்?" என்று கேட்டேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கழித்துப் போட்ட ஒரு பழைய கணனியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, அதற்கு ஓர் உறை வாங்கிப் போட்டு, தினமும் மாலையில் அதில் பிரதி எடுத்தார். வியாழக்கிழமைகளில் அதை வீட்டுக்குக் கொண்டு போவார். இது காசாளர் மூலம் என் காதுக்கு வந்தது. நான் என்ன நினைத்திருப்பேன் என்று வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கூப்பிட்டு, "எங்கட கஸ்டமர் லிஸ்ட்ட யாருக்குக் கொண்டு போய்க் குடுக்கிற?" என்று காசாளர் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். அவருடைய முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "கடை பத்தினா ரெண்டும் ஒண்டாத்தானே பத்தும் ஹாஜியார். அதுதான் ஒண்ட வீட்டுல வெச்சிருக்கன். பாஸ்வேர்ட் போட்டிருக்கு, வேற யாருக்கும் தொறக்க ஏலாது" என்றார். கணனித் துறையில் இது ஓர் அடிப்படை விதி என்று பிறகுதான் அறிந்தேன். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். என் பணம் இல்லாமலேயே அந்த விதியில் முடிந்தவரை அவர் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

2021ல் ஒரு காலை பிரதான கணனியின் டிஸ்க் செத்துப்போனது. லுஹருக்கு முன்பே பில் போட ஆரம்பித்துவிட்டோம். எதிலிருந்து மீட்டார் என்று சொல்லவும் வேண்டுமா? அன்று நான் அவருக்குச் சொன்ன ஒரே வார்த்தை, அரை நாள் வியாபாரம் போய்விட்டதே என்பது.

அடுத்த வருடம் எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. தம்பி மின்சார சபையின் நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கணனிகளை ஒழுங்காக மூடி, மின்சாரம் வந்ததும் ஒவ்வொன்றாக ஏற்றினார். மின்சாரம் பட்டென்று போனால் எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு பாதியில் சிதைந்துவிடும் என்பார். மே மாதக் கடைசி நாளில், வற் வரி 8 வீதத்திலிருந்து 12 வீதமாகிறது என்ற அறிவிப்பு வந்தது. அமுலுக்கு வருவது ஜூன் 1, அதாவது மறுநாள். காலையில் கடை திறந்தபோது பில்களில் 12 வீதம் இருந்தது. அதை யார், எப்போது மாற்றினார் என்று நான் கேட்கவேயில்லை. தானாக மாறும் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் அவர் தோஹாவுக்குப் போய்விட்டார். அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை ஏறியிருந்தது. அவருடைய சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. போகிறேன் என்று சொன்னபோது இருக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி நாளன்று ஒரு நீலக் கொப்பியை என் கையில் தந்தார். சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கொப்பியை லாச்சிக்குள் போட்டேன்.

ஓகஸ்ட் 30ம் திகதி இடைக்கால வரவு செலவுத் திட்டம். வற் 15 வீதமாகிறது, செப்டெம்பர் 1 முதல். வியாழக்கிழமை காலை கடை திறந்தோம். பில்லில் இன்னும் 12 வீதம். மாற்றப் போனால் கணனி பாஸ்வேர்ட் கேட்கிறது. கடையில் ஒருவருக்கும் தெரியாது. மென்பொருள் விற்ற இடத்தில் திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். வெளியூர் லொறிகள் வாசலில் நிற்க, நாங்கள் கல்குலேட்டரும் கார்பன் தாளுமாக இரண்டு நாள் கையால் பில் எழுதினோம். இருப்புக் கணக்கு குழம்பியது. ஒரே சாமானை இரண்டு பேருக்கு விற்றோம்.

வெள்ளி இரவு வெட்கத்தை விட்டு தோஹாவுக்குப் போன் பண்ணினேன். அங்கே பத்து மணி, இங்கே பன்னிரண்டரை. அப்போதுதான் டியூட்டி முடிந்து அறைக்கு வந்திருந்தார். "ஹாஜியார், அந்த நீலக் கொப்பிய பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் பார்த்திருக்கவில்லை. பின்மட்டையில் ஒட்டிய உறைக்குள் எல்லாப் பாஸ்வேர்ட்களும் இருந்தன. கொப்பியில் எந்த வேலையை எந்த நாளில் எப்படிச் செய்ய வேண்டும் என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு 'வற் மாறினால்'. மகன் படித்துச் சொல்ல, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பணம் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

அந்தக் கொப்பியை அன்றிரவு முழுதும் இருந்து வாசித்தேன். விலகிப் போன சேல்ஸ்மேனின் கணக்கை அதே நாளில் மூடியது, யூபிஎஸ் பெட்டரிகளை எந்த மாதத்தில் மாற்றியது, மைக்ரோசொப்ட் அனுப்பும் திருத்தங்களை ஞாயிறுகளில் வந்து போட்டது, வாரத்துக்கொரு முறை பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டு அது உண்மையில் திறக்கிறதா என்று பார்த்தது. என் நண்பர் 'சும்மா இருக்கிறான்' என்கிறாரே, அந்தச் சும்மாவுக்குள் இருப்பது இவ்வளவு.

கஞ்சத்தனம் எம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு மட்டும் உரியதுமல்ல. 2023 ஓகஸ்டில் எமது அரசாங்கத்தின் 'லங்கா கவர்மன்ட் கிளவுட்' கப்பம் கேட்கும் வைரஸினால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்த நாட்களுக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. பயன்படுத்திய மென்பொருளோ 2013ம் ஆண்டுப் பதிப்பு. 2021லிருந்து அதைப் புதுப்பிக்க இருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையும் முன்னைய நிர்வாகத்தின் சில தீர்மானங்களும் தடுத்ததாகவும் பொறுப்பான நிறுவனமே சொன்னது. இதை வாசித்தபோது எனக்கு அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாதான் நினைவுக்கு வந்தது.

இத்தகையவர்களுக்கென்று ஒரு தினமே இருக்கிறது. டெட் கெகாடோஸ் என்ற அமெரிக்கர் 2000ம் ஆண்டில் தொடங்கியது, ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. புதிய பிரின்டர் போட்டுத் தந்த கணனி நிர்வாகிக்குச் சக ஊழியர்கள் பூவும் பழக்கூடையும் கொண்டு வருவது போல் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்ததாம். 2024ல் அந்தத் தினம் வந்தது ஜூலை 26ல். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான் 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு உலகெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. பாதிக்கப்பட்ட கணனிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டியிருந்தது. இரவு பகலாக அதைச் செய்தவர்கள் இத்தகைய தம்பிமாரும் தங்கைமாரும்தான்.

கேக் வெட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டினாலும் நல்லதுதான். என் நண்பருக்குச் சொன்னது வேறு. முதலில், கைக்கூலியாக வைத்திருப்பதை நிறுத்தி, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 12 வீதத்தையும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் கட்டுங்கள். அது சட்டப்படி அவருக்குச் சேரவேண்டியது. தர்மம் அல்ல. வருடத்துக்கு ஒரு தொகையை அவர் பொறுப்பில் ஒதுக்குங்கள், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உங்கள் மேசைக்கு முன் வந்து நிற்க வைக்காதீர்கள். வருடத்தில் இரண்டு வாரம் லீவில் அனுப்புங்கள், அந்த நாட்களில் போன் பண்ணாதீர்கள். அப்படி அனுப்ப முடிய வேண்டுமென்றால் இன்னொருவர் பாதி வேலையாவது பழகியிருக்க வேண்டும், பாஸ்வேர்ட்கள் உறையிலிட்டு இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். லாச்சிக்குள் அல்ல! இது அவரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. ஒருவர் தலையில் முழுக் கடையையும் ஏற்றி வைப்பது அவருக்கும் பாரம்தான்.

இரண்டு கணனி உள்ள கடைக்கு முழுநேர ஆள் கட்டுபடியாகாது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் மூன்று கடைகள் சேர்ந்து ஒருவரை வைத்திருக்கின்றன. தனியாகப் பகுதிநேர ஆளை வைப்பதானால் மாதாந்தம் ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். பழுதானால் மட்டும் கூப்பிட்டுக் காசு கொடுப்பவருக்குப் பழுதைத் தடுக்கிற ஆள் கிடைக்கமாட்டார்.

"எல்லாத்தையும் குடுத்துப் பழக்கி எடுத்தா, அவனும் கட்டாருக்குப் போயிடுவானே?" என்றார் நண்பர். போகலாம். இப்போது என்னிடம் இருக்கும் தம்பியும் ஒருநாள் போகலாம். 2024 ஜனவரி 1ல் வற் 18 வீதமானபோது அவர் முந்திய இரவு கடையில் இருந்தார், நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதுவரை வரி இல்லாதிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவது எவ்வளவு நேரம் எடுக்கும் வேலை என்பதை ஐம்பது வயதுக்கு மேல் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இதையெல்லாம் சொல்லி முடிக்க அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நேற்று நண்பரை மறுபடி கண்டேன். தம்பியை நிறுத்தவில்லையாம், மேசையையும் பெயின்ட் வாளிகளுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாராம். சம்பளம் கூட்டினீர்களா என்று கேட்டேன். சீமெந்து விலை எங்கே போய் நிற்கும் என்று என்னிடம் திருப்பிக் கேட்டார்.