எழுபத்தைந்து வீதக் கழிவு

ஜூன் மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், எங்கள் தெருவில் இருக்கும் ஓர் உம்மா தம் மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகனின் கையில் போன்.

"மௌலவி, இவருக்கு ரெண்டு கொம்பியூட்டர் கேம் வேணுமாம். வாப்பாட காட்டால வாங்கச் சொல்றாரு. ஒண்டுக்கு எழுபத்தஞ்சு வீதம் கழிவாம், மத்ததுக்கு இருவது வீதம்தானாம். இன்னும் பதினாலு மணித்தியாலம்தான் இருக்காம். எழுபத்தஞ்சு வீதத்தை விட்டா நட்டம்தானே?"

சகோதரிகளே, இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும். எழாவிட்டால் இனி எழும். வியாபாரப் பாடத்தை வருடக் கணக்காக மாணவர்களுக்கு நடத்துபவன்தான் நான். ஆனாலும் தராசில் வைக்க முடியாத, பெட்டியும் இல்லாத இந்தச் சரக்கின் விலை ஏறி இறங்கும் விதம் எனக்கே புதிதாகத்தான் இருந்தது. கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

அந்த மகன் காட்டிய கடையின் பெயர் ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் என்ற கம்பனி 2003இல் இணையத்தில் திறந்த கடை அது. நம் நாட்டு ரூபாவில் அங்கே விலை போடுவதில்லை, டொலரில்தான். முதலாவது விளையாட்டு பழையது, பெரிய கம்பனி ஒன்று செய்தது. 'கிளாசிக்' என்று பிள்ளைகள் சொல்வது இப்படியானவற்றைத்தான். முழு விலை 20 டொலர், கழிவு போக 5 டொலர். இரண்டாவது 'இண்டி' வகை. அதாவது பெரிய கம்பனியின் முதல் இல்லாமல், ஒருவரோ நாலைந்து பேரோ தம் சொந்த முயற்சியில் செய்வது. விலை 15 டொலர், கழிவு போக 12.

உம்மாவின் கணக்கில் முதலாவது பெரிய இலாபம், இரண்டாவது கஞ்சத்தனம். ஆனால் இந்த இரண்டு கழிவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

பழைய விளையாட்டைச் செய்யப் போட்ட பணம் எப்போதோ திரும்பி வந்துவிட்டது. இன்று இன்னொரு பிரதி விற்பதற்குக் கம்பனிக்கு ஏறக்குறைய செலவே இல்லை. 5 டொலருக்குக் கொடுத்தாலும் வருவதெல்லாம் மேல்வரவு. அதோடு, பழையதை விளையாடிப் பழகியவன் அடுத்த பாகத்தை முழு விலைக்கு வாங்குவான் என்ற எண்ணமும் உண்டு. சில வேளை சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள். வால்வ் கம்பனி 1998இல் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப்' விளையாட்டை, அதன் 25 வருட நிறைவையொட்டி 2023 நவம்பரில் சில நாட்கள் இலவசமாகவே வழங்கியது. (அது துப்பாக்கி விளையாட்டு. வீட்டில் வைக்கலாமா என்பது வேறு பேச்சு.) போலந்து நாட்டில் 2008இல் தொடங்கிய கொக் என்ற கடையோ, பழைய விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் ஓடும்படி திருத்தி, 6 டொலருக்கும் 10 டொலருக்கும் விற்றே பெயர் எடுத்தது.

ஆகவே பழையதன் கழிவு ஒருமுறை போனால் திரும்பி வராத வண்டி அல்ல. ஸ்டீமில் பருவகால மலிவு விற்பனை மட்டும் வருடத்தில் நான்கு தடவை வருகிறது. ஓடுகிற அந்தக் கடிகாரம் நம்மை அவசரப்படுத்தத்தான்.

பழையது எல்லாமே இப்படி என்றும் எண்ணிவிடாதீர்கள். ஜப்பானின் நின்டென்டோ கம்பனி தன் சொந்த விளையாட்டுகளில் இலேசில் கை வைக்க விடாது. 2017இல் 60 டொலருக்கு வந்த 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்', எட்டு வருடம் கழிந்து 2025இலும் அதே 60 டொலர் பட்டியல் விலையில்தான் இருந்தது. கழிவு போட்டாலும் கொஞ்சமாகத்தான்.

இனி இரண்டாவதைப் பாருங்கள். 'ஸ்டார்டியூ வேலி' என்று ஒரு விளையாட்டு. பயிர் செய்வது, கோழி வளர்ப்பது, அயலவரோடு பழகுவது, இவ்வளவுதான். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் நாலரை வருடம் தனியே இருந்து செய்தார். படமும் இசையும்கூட அவரே. 2016 பெப்ரவரியில் 15 டொலருக்கு வெளியிட்டார். பிறகு சேர்த்த புதிய பகுதிகளுக்கெல்லாம் மேலதிகமாக ஒரு சதமும் வாங்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஆரம்பத்திலேயே விலையைக் குறைவாகத்தான் வைக்கிறார். பெரிய கம்பனி 60, 70 என்று தொடங்குகிற இடத்தில் இவர் 15. விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் நூற்றுக்கு 30 வீதம் கடைக்குப் போகிறது. 15 டொலரில் அவருக்கு மிஞ்சுவது பத்தரை, அதிலும் வரி உண்டு. இதே விளையாட்டுக்கு 75 வீதக் கழிவு போட்டால் விலை 3 டொலர் 75 சதம். செய்தவர் கைக்கு இரண்டரை டொலர் சொச்சம். பல வருட உழைப்பின் கூலி அது. எனவே அவர் பத்து வீதம், இருபது வீதம் என்று பார்த்துப் பார்த்துக் குறைக்கிறார். விருப்பப் பட்டியலில் குறித்து வைத்தவர்களுக்குக் கடையிலிருந்து அறிவிப்பு போக வேண்டுமானால் 20 வீதமாவது குறைத்திருக்க வேண்டும். விளம்பரத்துக்குப் பணமில்லாதவருக்குக் கழிவுதான் தண்டோரா. வருடங்கள் போனபின் இவர்களிலும் பலர் பாதி விலைக்கு இறங்குவது உண்டு, மறுக்கவில்லை.

அறவே இறங்காதவர்களும் இருக்கிறார்கள். செக் நாட்டில் ஒரு சிறு குழு செய்த 'ஃபெக்டோரியோ' 2016இல் ஸ்டீமுக்கு வந்தபோது 20 டொலர். 2018இல் 30 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் காட்டி 35 ஆக்கினார்கள். கழிவு ஒரு நாளும் போட்டதில்லை, போடமாட்டோம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அமெரிக்கரான ஜேசன் ரோரர் 2014இல் தம் விளையாட்டை முதலில் வாங்குபவருக்கு மலிவாகவும் பிந்தி வருபவருக்குக் கூடுதலாகவும் விற்றார். நம்பி முதல் நாளே முழு விலை கொடுத்தவன், அடுத்த மாதம் பாதி விலையைப் பார்த்து ஏன் மனம் நோக வேண்டும் என்பது அவருடைய வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஒரு விஷயத்தில் அந்தக் கடையைப் பாராட்டத்தான் வேண்டும். விலையை ஏற்றினால் அடுத்த 30 நாட்களுக்குக் கழிவு போட அங்கே அனுமதியில்லை. பெருநாளைக்கு முன் சில புடவைக் கடைகளில் விலைச் சீட்டு மாறுகிற கதை உங்களுக்குத் தெரியாததா! வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் 2015 முதல் அங்கே உண்டு.

"அப்ப எதை வாங்கிக் குடுக்கட்டும்?" என்று கேட்டார் அந்த உம்மா.

மகனிடம், "எதை நாளைக்கே விளையாடுவீர்கள்?" என்றேன். யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டினார். முதலாவது? "இப்ப மலிவா இருக்கு, வாங்கி வைப்பம் எண்டு..." என்று இழுத்தார். இப்படி 'வாங்கி வைத்த' ஏழெட்டு விளையாட்டுகள், ஒருமுறையும் திறக்கப்படாமல் அவருடைய கணக்கில் ஏற்கெனவே கிடப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. ஐந்து டொலர் என்பது இன்று ஆயிரம் ரூபாவுக்கு மேல். உம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார்.

12 டொலர் விளையாட்டை மட்டும் வாங்கினார்கள். பழையது டிசம்பரில் அதே 75 வீதக் கழிவோடு திரும்பி வந்ததாம். அதற்குள் மகன் வேறொன்றைக் கேட்கத் தொடங்கியிருந்தார்.