ஏரிக்கு எதுக்குங்க ஓப்பன் ஜிம்?

போன ஞாயிறு திருவண்ணாமலையில இருந்து வந்திருந்த அப்பாவை எங்க ஏரியா ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். (பெங்களூருக்கு வர்றவங்களை எத்தனை தடவைதான் லால்பாக்குக்கே கூட்டிட்டுப் போறது!) டைல்ஸ் போட்ட நடைபாதை, ஓப்பன் ஜிம், சறுக்குமரம்... எல்லாம் ஜோர். அப்பா ஒரு சுத்து வந்துட்டுக் கேட்டார்: "தண்ணி எது வழியாப்பா உள்ள வருது? கோடி எங்க?"

தெரியலை. 11 வருஷமா அங்கதான் நடக்கிறேன். (கன்னடத்துலயும் அது கோடிதான். கேட்டிருந்தா யாராவது சொல்லியிருப்பாங்க.)

ஏரிக்குத் தாழ்வான பக்கம்தான் கரை இருக்கும். மத்த பக்கமெல்லாம் மேட்டுல இருந்து மழைத்தண்ணி ஓடி வர்ற வழி. நாம நடக்கணுமேன்னு நாலாபக்கமும் கரை எழுப்பி அதை அடைச்சாச்சு. விளிம்பைத் தோண்டி சூப் கிண்ணம் மாதிரி ஆக்கினதுல, கணுக்கால் தண்ணியில மீன் பிடிக்கிற கொக்குக்கு நிக்க இடமில்லை. ராஜகாலுவேயில வர்றது சாக்கடை. அதைத் திருப்பக் காசில்லையாம், டைல்ஸுக்கு இருக்கு!

"பூங்கா இல்லேன்னா பிளாட் போட்டு வித்திருப்பாங்க"ங்கிறாங்க தங்கமணி. வேலி ஆக்கிரமிப்பைத் தடுக்கும், ஒத்துக்கறேன். ஆனா இந்த ஊர் ஏரிகளை முழுங்கினது பிளாட்காரங்க மட்டும் இல்லீங்க. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆச்சு. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி ஸ்டேடியம். செல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம். கோரமங்கலா ஏரியில 1997 தேசிய விளையாட்டுக்குக் குடியிருப்பு கட்டினாங்க. எல்லாமே விளையாட்டுதான், பொழுதுபோக்குதான். 2000-களில் ஹெப்பால், நாகவாரா ஏரிகளைத் தனியாருக்கே குத்தகைக்கு விட்டு, விஷயம் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு.

நாங்க கிளம்புறப்ப, மாட்டுக்குப் புல் அறுக்க வந்த ஒரு பாட்டியை வாட்ச்மேன் விசில் அடிச்சு விரட்டிட்டு இருந்தார். "அவங்க ஏரிதானே?"ன்னார் அப்பா. நான் பேசலை. மாடு, புல் அறுக்கிறவங்க யாரும் உள்ள வரக்கூடாதுன்னு அசோசியேஷன் கொடுத்த மனுவுல என் கையெழுத்தும் இருக்கு.

அடுத்த மீட்டிங்குக்கான கோரிக்கைப் பட்டியல் வந்திருக்கு. முதல் வரி: ஜிம் கருவி ரிப்பேர். அதை அடிச்சுட்டு, சாக்கடையைத் திருப்புங்க, மழைத்தண்ணிக்கு வழி விடுங்க, பாட்டியை உள்ள விடுங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். முதல் கையெழுத்து போட அப்பா ரெடி. அவர் மெம்பர் இல்லையாம், செல்லாதாம்.