ஆட்டோக்காரர் மேயரானால் அதிசயமா?

2022 பிப்ரவரி 19 அன்று வாடிப்பட்டிக்காரர்களும் க்யூவில் நின்று ஓட்டுப் போட்டார்கள். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஆனால் அந்த ஓட்டு வார்டு கவுன்சிலருக்கு மட்டும்தான். பேரூராட்சித் தலைவர் யார் என்பதை மார்ச் 4ஆம் தேதி கவுன்சிலர்கள் கூடி முடிவு செய்தார்கள்.

அதே மார்ச் 4ல் கும்பகோணத்தில் ஒருவர் ஆட்டோவில் வந்து மேயராகப் பதவியேற்றார். பெயர் சரவணன், 17வது வார்டு, காங்கிரஸ். பல வருடங்களாக ஆட்டோ ஓட்டியவர், வாடகை வீட்டில் குடியிருந்தவர். புதிதாக உருவான கும்பகோணம் மாநகராட்சிக்கு முதல் மேயர்!

உடனே இரண்டு கோஷ்டி கிளம்பியது. ஒன்று, "ஆஹா, இதுதான் ஜனநாயகம்" என்று போட்டோவைப் பரப்பிய கோஷ்டி. இன்னொன்று, "ஆட்டோக்காரனுக்கு பட்ஜெட் தெரியுமா?" என்று கேட்ட கோஷ்டி.

இரண்டாவது கோஷ்டிக்குப் பதில் சுலபம். எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்த மூலையில் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்பது ஏசி காரில் போகிறவரை விட ஆட்டோ ஓட்டுகிறவருக்கு நன்றாகவே தெரியும். கணக்குப் பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள்.

முதல் கோஷ்டிதான் யோசிக்க வேண்டும். 48 வார்டில் காங்கிரசுக்கு இருந்தது இரண்டே கவுன்சிலர்கள். பெரும்பான்மை வைத்திருந்த தி.மு.க., கூட்டணிக்காக அந்த நாற்காலியைக் கொடுத்தது. மற்ற 20 மாநகராட்சிகளிலும் மேயர் பதவி தி.மு.க.வுக்கே. மேலே இருப்பவர்கள் கொடுத்தார்கள், ஒரு ஏழை உட்கார்ந்தார். நல்லது, சந்தோஷம். ஆனால் கொடுத்தவர் தயவில் இருக்கிற மேயர் யாருக்குப் பதில் சொல்வார்? ஊருக்கா, கட்சிக்கா?

2011ல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் போட்டு அதைப் பறித்தது. 2021ல் வந்த தி.மு.க. திருப்பித் தரவில்லை. இதில் மட்டும் இருவருக்கும் என்ன ஒற்றுமை!

அடுத்தது வயிற்றுப்பாடு. 2023ல்தான் மாத மதிப்பூதியம் வந்தது. மேயருக்கு 30,000 ரூபாய். வாடிப்பட்டி மாதிரி பேரூராட்சியில் கவுன்சிலருக்கு 2,500. ஒரு நாளைக்கு 83 ரூபாய், ஒரு லிட்டர் பெட்ரோல்கூட வராது. வண்டி வாடகை, டியூ, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டுகிற ஒருவர் சவாரியை விட்டுவிட்டு வார்டு வேலை பார்க்க முடியுமா? முடியாது. அதனால்தான் காண்டிராக்டரும் ரியல் எஸ்டேட்காரரும் கவுன்சிலராக வருகிறார்கள். அவர்களுக்குச் சம்பளமே தேவையில்லை. ஏன் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆட்டோக்காரர் மேயராவது அதிசயமாக இருப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான், அவருடைய தொழில் இல்லை.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் மைக் செட் கட்ட ஆட்டோ தேடி வருவார்கள். வாடிப்பட்டி ஸ்டாண்டில் இருப்பவர்கள் அன்றைக்கு வண்டி வாடகையோடு நிறுத்திக்கொள்ளாமல், வார்டில் நிற்க சீட்டும் கேட்கட்டும்.